ஜோடி ரூம்

எனக்குப் பட்டாம்பூச்சி என்றால் உயிர் என்று எல்லாரும் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். அப்படியெல்லாம் ஒன்றும் இல்லை. பேருந்து ஓட்டுகிறவருக்குப் பேருந்தின் மேல் என்ன பாசம் இருக்குமோ அவ்வளவுதான் எனக்கும். காலையில் கதவைத் திறந்தால் முகத்தில் வந்து மோதும். கூட்டைவிட்டு வெளியே வந்ததும் செங்கல் நிறத்தில் ஒரு நீரைக் கழியும், அது துணியில் பட்டால் எந்தச் சோப்புக்கும் போகாது. என்னிடம் கறையில்லாத உடுப்பு ஒன்றுகூடக் கிடையாது. இப்போது நான் போட்டிருப்பதையே பாருங்கள்.

நான் வேலை பார்க்கிற பட்டாம்பூச்சி வீட்டில் முன்னால் இருக்கும் பெரிய கண்ணாடிக் கூடம்தான் பார்வையாளர்களுக்கு. பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வருவார்கள், படம் எடுத்துக்கொள்வார்கள், போய்விடுவார்கள். பின்பக்கம் முழுக்க என் பொறுப்பு. புழுக்கள் இருக்கும் அறை, கூட்டுப்புழுக்களைத் தொங்கவிடும் அலமாரி, எலுமிச்சைக் கன்று வைத்த வலைக்கூண்டுகள், எல்லாவற்றுக்கும் கடைசியில் ஒரு சின்ன அறை. வெளியே பலகையில் ‘இனப்பெருக்க அறை’ என்று எழுதியிருக்கும். அதைப் படித்துவிட்டு வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்காத புது ஆள் கிடையாது. வேலையாட்கள் அதற்கு ‘ஜோடி ரூம்’ என்று பெயர் வைத்தார்கள். எனக்குப் பூச்சியம்மா என்று பெயர் வைத்ததும் அதே கும்பல்தான்.

அந்த ஜோடி ரூமில் என்ன நடந்தது என்று முதலில் நீங்கள் கேட்டபோது எனக்கு ஒன்றும் தெரியாது என்றேன். இன்றைக்கு இந்தப் போலீஸ் ஸ்டேஷனுக்கு நானாகத்தான் வந்திருக்கிறேன். யாரும் மிரட்டவில்லை, யாரும் பேசி மனதை மாற்றவில்லை. அதை முதலில் எழுதிக்கொள்ளுங்கள். ஆனால் நடுநடுவே கேள்வி கேட்காதீர்கள். நான் சொல்கிற வரிசையில் சொன்னால்தான் நான் செய்தது உங்களுக்குப் பிடிபடும். வேலையைப் பற்றிப் பேசிப் பொழுதைப் போக்குகிறாள் என்று நினைத்தாலும் பரவாயில்லை, கேளுங்கள்.

பெண் பூச்சி முட்டையிட இடம் தேடுவதை நீங்கள் பார்த்திருக்கமாட்டீர்கள். அது கண்ணால் தேடுவதில்லை, காலால் தேடும். ஒரு இலையில் உட்கார்ந்து முன்னங்கால்களால் தட்டித் தட்டி ருசி பார்க்கும். தன் புழு தின்கிற இலைதானா என்று அதற்குக் காலில் தெரிந்துவிடும். இல்லையென்றால் அடுத்த இலை. சரியான இலை கிடைத்ததும் வயிற்றை வளைத்து இலையின் அடிப்பக்கத்தில் ஒரே ஒரு முட்டையை ஒட்டும். கடுகைவிடக் கொஞ்சம் சின்னதாக, மஞ்சளாக இருக்கும். ஒட்டிவிட்டுப் போய்விடும். அந்த முட்டை பொரிந்ததா, எறும்பு தின்றதா, அதற்குக் கவலை கிடையாது. கூடத்தில் விளக்கம் சொல்கிற பெண் குழந்தைகளிடம் ‘தாய்ப் பட்டாம்பூச்சி’ என்பாள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். இலையில் ஒட்டிவிட்டுப் பறந்துபோகிறதற்குப் பெயர் தாயா? தாய் என்றால் என்னவென்று எனக்குத் தெரியும்.

வாலுள்ள பெரிய கறுப்பு வகை ஒன்று இருக்கிறது. கூடத்துக்கு வருகிறவர்கள் அதைத்தான் கேட்பார்கள். ஆனால் அது கூண்டுக்குள் தானாக இணை சேராது. வெட்டவெளியில் ஆண் துரத்தவேண்டும், பெண் போக்குக் காட்டவேண்டும், உயரப் பறந்து இறங்கி, அதற்கு மனசு வரவேண்டும். அந்த ராகமெல்லாம் பாட எங்களிடம் இடம் ஏது? அதனால் கையால் சேர்க்கவேண்டும். இடதுகையில் பெண், வலதுகையில் ஆண். இறக்கைகளை மடக்கி இரண்டு விரல்களுக்கு நடுவில் பிடித்துக்கொள்வேன். ஆணின் வயிற்று நுனியை நகத்தால் பட்டும்படாமல் அழுத்தினால் அங்கே இருக்கும் கிடுக்கி திறக்கும். அதைப் பெண்ணின் நுனியோடு சேர்த்து வைத்தால் கவ்விக்கொள்ளும். பெண் சும்மா இருக்காது. காலை உதைக்கும், உடம்பை முறுக்கும். அப்போது கை நடுங்கக்கூடாது, அவ்வளவுதான் வித்தை. பிறகு இரண்டையும் வலையில் தொங்கவிட்டால் அசையாமல் இருக்கும். மறுநாள் அந்தப் பெண்ணை எலுமிச்சைக் கன்றுக்குப் பக்கத்தில் விட்டால் இலை இலையாகத் தட்டிப் பார்த்து முட்டையிடும். நேற்று உதைத்தது இதுதானா என்று இருக்கும்.

புதிதாக வேலைக்கு வந்த ஒருத்தி இதைப் பார்த்துவிட்டு முகத்தைச் சுளித்தாள். “அதுக்கு வலிக்காதாக்கா?” என்றாள்.

“வலிச்சா முட்ட போடுமாடி?” என்றேன்.

அது சரியான பதில் என்றுதான் நான் அன்றைக்கு நினைத்தேன்.

என் கையில் பட்டு இணை சேராத பூச்சி கிடையாது. மற்ற பட்டாம்பூச்சி வீடுகளிலிருந்து ஆட்கள் வந்து பக்கத்தில் நின்று பார்த்துவிட்டுப் போவார்கள். வேறு எந்த விஷயத்திலும் என்னை யாரும் தலையில் தூக்கிவைத்துக்கொண்டது இல்லை. கட்டிக்கொண்டவர் பாதியில் போய்ச் சேர்ந்தார். அவர் வீட்டு ஆட்கள் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. கைக்குழந்தையை முதுகில் கட்டிக்கொண்டு புழுக்களுக்கு இலை போட்டவள் நான். என் மகள் தவழ்ந்தது அந்தச் சிமெண்டுத் தரையில்தான்.

வீட்டில் அவளைப் பாப்பா என்றுதான் கூப்பிடுவேன். இப்போது இருபத்தாறு வயது. மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை பார்க்கிறாள். வருகிறவர்களுக்குக் கண் அளவு எடுத்து, கண்ணாடியை மாட்டிவிட்டு, காதுக்குப் பின்னால் இறுக்குகிறதா என்று கேட்டு வளைத்துக்கொடுப்பாள். வாய் ஓயாது. வேலை முடிந்து வந்தால் அன்றைக்குக் கடைக்கு வந்தவர்கள் எல்லாரையும் நடித்துக் காட்டிவிட்டுத்தான் சாப்பிடுவாள். வயதானவர் ஒருவர் கண்ணாடியைத் தலையிலேயே வைத்துக்கொண்டு காணோம் காணோம் என்று கடை முழுக்கத் தேடியதை அவள் செய்து காட்டியபோது நான் சிரித்துச் சிரித்து வயிறு வலித்து உட்கார்ந்துவிட்டேன். அந்த வீட்டில் இரண்டு பேர் போதும் என்று இருந்தது எனக்கு.

ஆனாலும் ஊர் வாயை மூட முடியுமா? பெண்ணுக்குக் கல்யாணம் எப்போது, மாப்பிள்ளை பார்க்கவில்லையா என்று ஆளாளுக்குக் கேட்டார்கள். நானும் யோசித்தேன். அப்போதுதான் பாய்லர்காரரைக் கவனித்தேன். எங்கள் இடத்தில் சூடும் ஈரமும் குறையாமல் பார்த்துக்கொள்கிறவர் அவர். கொதிகலன், குழாய், ஆவி, அளவுமானி, இதுதான் அவர் உலகம். தனி ஆள். தங்கமான மனுஷன். குனிந்த தலை நிமிரமாட்டார். என்னை அக்கா என்பார், சொன்ன வேலையைச் சொன்னபடி செய்வார். எங்கள் வீட்டு மாடியில் ஒரு அறை காலியாக இருந்தது. இவரைக் கட்டிவைத்தால் மாப்பிள்ளையும் மகளும் என் தலைக்கு மேலேயே இருப்பார்கள். என் கணக்கு அவ்வளவுதான். இதில் என்ன தப்பு என்று நீங்களே சொல்லுங்கள்.

பாப்பாவிடம் பேச்சை எடுத்தேன்.

“பாய்லர்காரரப் பத்தி என்னடி நெனைக்கிற?”

“நல்ல மனுஷன். ஏன், என்ன ஆச்சு அவருக்கு?”

“உனக்குப் பாக்கலாமான்னு கேக்குறேன்.”

அவள் விழுந்து விழுந்து சிரித்தாள். “ஐயோ அம்மா, அவரு பைப்பத் தவிர வேற எதையாவது நிமிந்து பாத்திருக்காரா? என்னையும் ஏதோ லீக்குன்னு நெனச்சு இறுக்கிட்டுப் போயிடுவாரு.”

நான் சிரிக்கவில்லை. அதைப் பார்த்ததும் அவளும் நிறுத்தினாள். பக்கத்தில் வந்து உட்கார்ந்து என் கையைப் பிடித்துக்கொண்டு விஷயத்தைச் சொன்னாள். அவள் கடையில் உள்ளறையில் லென்ஸ் தேய்க்கிற ஒருவன். நான் அவனை இரண்டொரு முறை பார்த்திருக்கிறேன், விரல் நுனியெல்லாம் வெள்ளைப் பொடி அப்பிக்கிடக்கும். வேறு ஊரில் சொந்தமாகக் கடை போடப்போகிறானாம். இவளும் கூடப் போகிறாளாம்.

“நீயும் வந்துடும்மா,” என்றாள். “எவ்வளவு காலத்துக்குத்தான் புழுவுக்கு எல போட்டுக்கிட்டு இருப்ப? அவரே சொன்னாரு, அம்மாவ விட்டுட்டு வராதேன்னு.”

அவரே சொன்னாராம். என் மகளோடு நான் இருப்பதற்கு லென்ஸ் தேய்க்கிறவன் அனுமதி கொடுக்கிறான். அந்த வீட்டில் நான் யார்? ஒரு மூலையில் போட்டுவைத்த சாமான். இங்கே நான் பூச்சியம்மா. இதை அவளிடம் சொல்லவில்லை. “பாக்கலாம்,” என்று மட்டும் சொல்லிவிட்டு எழுந்துபோய் அடுப்பைப் பற்றவைத்தேன்.

அதற்குப் பிறகு பாய்லர்காரரை நான் இரண்டு முறை வீட்டுக்குச் சாப்பிடக் கூப்பிட்டேன். பாப்பா அவருக்கு மரியாதையாகப் பரிமாறினாள், மரியாதையாகப் பேசினாள், சாப்பிட்டதும் எழுந்து தன் அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். கத்தவில்லை, அழவில்லை, முகத்தில் அடித்தாற்போல எதுவும் சொல்லவில்லை. அந்த அமைதியைப் பார்த்தபோது எனக்கு ஒன்று உறைத்தது.

கூடத்தில் சின்ன மஞ்சள் பூச்சிகள் இருக்கின்றன. ஆண் ஒன்று சுற்றிச் சுற்றி வரும். பெண் இலையில் உட்கார்ந்தபடியே இறக்கையை விரித்து, வயிற்றை நேராக மேலே தூக்கிக் காட்டும். விளக்கம் சொல்கிற பெண் அதை நடனம் என்பாள், பிள்ளைகள் கை தட்டுவார்கள். அது நடனமில்லை. ‘எனக்கு ஏற்கெனவே ஆயிற்று, போ’ என்று அர்த்தம். வயிற்றை அந்த நிலையில் வைத்துக்கொண்டால் ஆண் என்ன தலைகீழாக நின்றாலும் சேர முடியாது. இணை சேராத பெண் இப்படி அவ்வளவாகச் செய்யாது. அது பயப்படும், பறக்கும், ஒளியும், கடைசியில் சம்மதிக்கும். அமைதியாக உட்கார்ந்த இடத்திலேயே மறுக்கிறதென்றால் அது ஏற்கெனவே முட்டையைச் சுமக்கிறது. இது எனக்கு என் கைரேகை மாதிரி தெரிந்த விஷயம். இந்த மாதிரிப் பெண்ணைக் கையில் எடுத்து இன்னொரு ஆணோடு சேர்க்கக்கூடாது என்று புதிதாக வருகிறவர்களுக்கு நானே சொல்லிக்கொடுத்திருக்கிறேன். சேர்த்தால் பெண்ணுக்கும் கெடுதல், முட்டைக்கும் கெடுதல்.

பாப்பாவின் வயிற்றில் குழந்தை இருந்தது எனக்குத் தெரியாது என்று போன தடவை உங்களிடம் சொன்னேன். தெரியும். காலையில் பல் தேய்க்கும்போது குழாயைத் திறந்துவிட்டு அந்தச் சத்தத்தில் ஓங்கரிப்பாள். எனக்குக் கேட்காது என்று நினைத்தாள். பூச்சியின் வயிறு கனத்திருப்பதை எட்டி நின்று பார்த்தே சொல்கிறவளுக்குச் சொந்த மகளைத் தெரியாதா? அவளே வந்து சொல்லட்டும் என்று காத்திருந்தேன். அவள் சொல்லவில்லை. அதுவும் சேர்ந்து என் வயிற்றெரிச்சலைக் கிளப்பியது.

இனி சொல்லப்போவதுதான் நீங்கள் எழுதவேண்டியது.

சில வகைகளில் ஆண் வேலை முடிந்ததும் சும்மா போவதில்லை. பெண்ணின் வாயிலில் மெழுகு மாதிரி ஒரு பொருளை வைத்து அடைத்துவிட்டுப் போகும். காய்ந்து கெட்டியாகிவிடும். அதன்பிறகு எந்த ஆணாலும் அவளை நெருங்க முடியாது. முட்டை வெளியே வருவதற்கு வேறு வழி இருக்கிறது, ஆண் உள்ளே வருவதற்கு மட்டும் வழி கிடையாது. அடைப்பு இல்லாத வகைகளில் பெரும்பாலும் கடைசியாக வந்த ஆணுக்குத்தான் முட்டைகள். முதலில் வந்தவன் கணக்கிலேயே வரமாட்டான். இதெல்லாம் மனிதர்களுக்குப் பொருந்தாது என்று எனக்குத் தெரியும். நான் படிக்காதவள், பைத்தியக்காரி இல்லை. ஆனால் மனிதர்களுக்கு வேறு மெழுகு இருக்கிறது. வெட்கம். இன்னொருவன் தொட்ட பிறகு அந்த லென்ஸ்காரன் முகத்தில் அவள் எப்படி விழிப்பாள்? அவனும்தான் திரும்பிப் பார்ப்பானா? ஆண்களை எனக்குத் தெரியும் என்று நினைத்தேன். அவன் ஊரைப் பார்த்துப் போவான். இவள் கொஞ்ச நாள் அழுவாள், பிறகு பாய்லர்காரரைக் கட்டிக்கொள்வாள். குழந்தையும் அவர் பெயரில் வளரும். எல்லாரும் எங்கள் வீட்டிலேயே இருப்பார்கள். இப்படித்தான் யோசித்தேன். கோபத்தில் யோசித்ததில்லை. இலை கழுவிக்கொண்டே, தொட்டியில் தண்ணீர் மாற்றிக்கொண்டே, நிதானமாக யோசித்தேன்.

பாய்லர்காரரிடம் பேசினேன். பாப்பாவுக்கு உங்கள்மேல் விருப்பம் என்றேன். அவர் காது சிவந்துவிட்டது.

“அவங்களே சொன்னாங்களாக்கா?”

“சொல்லாம நான் வந்து பேசுவேனா? ஆனா கூச்சம் சாஸ்தி. அவளா வாயத் தொறந்து சரின்னு சொல்லவே மாட்டா. வேணாம், விடுங்கன்னுதான் சொல்லுவா. கத்துனாக்கூட அதக் காதுல போட்டுக்காதீங்க. ஒருவாட்டி ஆயிடுச்சுன்னா அப்புறம் சரியாயிடுவா.”

“தப்பா ஆயிடப்போவுதுக்கா.”

“பெத்தவ நான் சொல்றேன் தம்பி.”

அவர் அளவுமானியைப் பார்த்துக்கொண்டு நின்றார். முள் எங்கே இருக்கவேண்டும் என்று யாராவது சொன்னால் அங்கே கொண்டுபோய் நிறுத்துகிற மனிதர். இதையெல்லாம் அவர் உங்களிடம் அப்படியே சொல்லியிருக்கிறார். எந்தத் தாயாவது பெற்ற மகளுக்கு இப்படிச் செய்வாளா, பழியை யார்மேல் போடுகிறாய் என்று நீங்கள் அவரை அதட்டியதாகக் கேள்விப்பட்டேன். அவர் சொன்னதில் ஒரு எழுத்துக்கூடப் பொய் இல்லை. ஆனால் அவர் ஒன்றும் பூச்சி இல்லை, வேண்டாம் என்றால் என்ன அர்த்தம் என்று அவருக்கும் தெரியும். அதையும் எழுதிக்கொள்ளுங்கள். அவர் பங்கு அவருக்கு.

எனக்குக் கிட்டத்தில் இருப்பது மங்கலாகத் தெரிய ஆரம்பித்துவிட்டது. கையால் சேர்க்கிற வேலைக்குப் புதுக் கண்ணாடி வேண்டும் என்று பாப்பாவிடம் சொல்லியிருந்தேன். அவள் தானே அளவெடுத்து, நல்ல ஃபிரேமாகப் பார்த்துத் தயார் செய்தாள். லென்ஸை அவன் தேய்த்தானாம். பார்வையாளர் வராத விடுமுறை நாளில், ஜோடி ரூமுக்கே கொண்டுவா, பூச்சியைக் கையில் வைத்துக்கொண்டு போட்டுப் பார்த்தால்தான் சரியாக இருக்கிறதா என்று தெரியும் என்றேன். பாய்லர்காரரை அவளுக்கு முன்னாலேயே உள்ளே போய்க் குழாயைப் பார்த்துக்கொண்டிருக்கச் சொல்லியிருந்தேன்.

அந்த அறைக்கு இரட்டைக் கதவு. ஒன்றைச் சாத்திவிட்டுத்தான் மற்றதைத் திறக்கவேண்டும், இல்லாவிட்டால் பூச்சிகள் வெளியே போய்விடும். இரண்டுக்கும் நடுவில் ஒரு ஆள் நிற்கிற அளவுக்கு இடம் இருக்கும். உள்கதவு கெட்டிப் பலகை. அறை காலியாக இருக்கும்போது சாத்தி வைப்பதற்காக அதற்கு வெளிப்பக்கம்தான் தாழ்ப்பாள், கீழே ஒன்று, மேலே ஒன்று. மேல் தாழ்ப்பாளை யாரும் போடுவதில்லை, துருப்பிடித்துப்போயிருக்கும். பாப்பா கண்ணாடிப் பெட்டியைக் கையில் வைத்துக்கொண்டு, “பூச்சியம்மா, உங்க கண்ணு வந்திருக்கு,” என்று கேலி செய்துகொண்டே உள்ளே போனாள். நான் பின்னால் வருகிறேன் என்று நினைத்திருப்பாள். நான் உள்கதவை இழுத்துச் சாத்திக் கீழ்த் தாழ்ப்பாளைப் போட்டேன். பிறகு எனக்குப் பின்னால் இருந்த வெளிக்கதவையும் சாத்திக்கொண்டேன்.

கதவு ஈரத்தில் ஊறி இறுகிக்கொண்டது, நான் அந்தக் கோடியில் புழு அறையில் விசிறியைப் போட்டுக்கொண்டு வேலையாக இருந்தேன் என்று போன தடவை சொன்னேன். அது பொய். நான் இரண்டு கதவுகளுக்கும் நடுவில் நின்றுகொண்டிருந்தேன். முதலில் பேச்சுக்குரல்தான். அவர் ஏதோ சொன்னார், அவள் ஏதோ சொன்னாள். பிறகு அவள் குரல் உயர்ந்தது. கதவுப் பிடியை இழுத்துப் பார்த்தாள். கொஞ்ச நேரம் கழித்துக் கதவைத் தட்டியது அவள் இல்லை, அவர்.

“அக்கா, இது வேணாங்கா. பொண்ணு பயப்படுது. தொறந்துடுங்க.”

அந்த நேரத்தில் எல்லாமே நின்றிருக்கும். அவர் அங்கேயே கையைக் கட்டிக்கொண்டு நின்றிருப்பார். பாப்பா என்னை நாலு வார்த்தை திட்டிவிட்டுப் போயிருப்பாள், அடுத்த மாதம் ஊரைவிட்டும் போயிருப்பாள். நான் வாயைத் திறந்து பதில் சொல்ல முடியாது, என் குரல் கேட்டால் அவளுக்குத் தெரிந்துவிடும். அதனால் மேல் தாழ்ப்பாளையும் போட்டேன். துருப்பிடித்த தாழ்ப்பாள், நன்றாகவே சத்தம் போட்டது. அதுதான் என் பதில் என்று அவருக்குப் புரிந்தது. அதற்குப் பிறகு அவர் கதவைத் தட்டவில்லை.

கடைசியில் திறந்தது நான்தான். இப்போதுதான் ஓடி வந்தவளைப் போல மூச்சு வாங்கிக்கொண்டு திறந்தேன். பாப்பா கூண்டுக்குக் கீழே சுவரோடு ஒட்டிக்கொண்டு கிடந்தாள். மருத்துவமனைக்கு அழைத்துப்போனதும் நான்தான், கல்யாணக் கணக்கை அங்கேயே விட்டுவிட்டு, என்மேல் சந்தேகம் வராமல் இருக்கப் பாய்லர்காரர்மேல் புகார் கொடுத்ததும் நான்தான். குழந்தை தங்கவில்லை என்று மருத்துவர் சொன்னபோது நான் அழுதேன். நிஜமாகவே அழுதேன். அழுதுகொண்டிருக்கும்போதே, இனி அவளை அந்த லென்ஸ்காரனோடு சேர்த்துவைக்க எதுவும் மிச்சமில்லை என்றும் தோன்றியது. இரண்டும் ஒரே நேரத்தில்தான் தோன்றின.

அதன்பிறகு அவளை வீட்டுக்குக் கொண்டுவந்து வைத்துக்கொண்டேன். தலை சீவிவிட்டேன், ஊட்டிவிட்டேன், பக்கத்திலேயே படுத்துக்கொண்டேன். அவள் யாரையும் நடித்துக் காட்டவில்லை, பேசவும் இல்லை. ஆனால் வீட்டில் இருந்தாள். காலையில் எழுந்து பார்த்தால் என் பக்கத்தில் இருந்தாள். உங்களிடம் மறைக்க என்ன இருக்கிறது, அந்த நாட்களில் நான் சந்தோஷமாகத்தான் இருந்தேன்.

அந்த லென்ஸ்காரன் தினமும் வந்தான். வாசல் கேட்டுக்கு வெளியே நிற்பான். என்னைப் பார்த்தால், “அம்மா, அவளக் கொஞ்சம் கூப்பிடுறீங்களா?” என்பான். அவளுக்குப் பிடிக்கவில்லை, போ என்பேன். ஒருநாள் பொறுக்க முடியாமல் கேட்டுவிட்டேன்.

“நடந்தது உனக்குத் தெரியுமா? தெரிஞ்சும் எதுக்கு இங்க வந்து நிக்கிற?”

“தெரியும்,” என்றான். “அதனாலதான் நிக்கிறேன். அவ வரணும்னு இல்லம்மா. நான் இங்கதான் இருக்கேன்னு அவளுக்குத் தெரிஞ்சாப் போதும்.”

எனக்கு ஆண்களைத் தெரியவில்லை. ஆயிரக்கணக்கில் கையில் எடுத்துப் பார்த்தவளுக்கு இப்படி ஒன்று இருக்கும் என்று தெரியவில்லை. இன்று காலையில் பாப்பா தானே எழுந்து குளித்து, பையில் துணியை எடுத்துவைத்துக்கொண்டு கேட்டைத் திறந்தாள். அவன் பையை வாங்கிக்கொண்டான். கையைக்கூடப் பிடிக்கவில்லை, ஓரடி தள்ளியே நடந்தான். தெருமுனை வரைக்கும் பார்த்துக்கொண்டு நின்றேன். நீயும் வா என்று இந்த முறை அவள் சொல்லவில்லை.

நான் மனம் திருந்தி வரவில்லை. பாய்லர்காரர்மேல் இரக்கப்பட்டும் வரவில்லை. எதற்காக மறைத்தேனோ அது கேட்டைத் தாண்டிப் போய்விட்டது, அப்புறம் மறைத்து என்ன? தாழ்ப்பாள் இரண்டையும் போட்டவள் நான். அவரை அனுப்பியவள் நான், அவளை வரவழைத்தவள் நான். கையெழுத்து எங்கே போடவேண்டும் என்று காட்டுங்கள், போடுகிறேன்.

போவதற்கு முன்னால் கேட்டருகில் நின்று அவள் ஒன்றே ஒன்று கேட்டாள். “அம்மா, அன்னைக்கு நான் கூப்பிட்டது உனக்குக் கேட்டுச்சா?” கேக்கலடி என்றேன். என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள், பிறகு போய்விட்டாள். உங்களிடம் உண்மையைச் சொல்கிறேன். கேட்டது. ஒரு பலகைதான் நடுவில், எல்லாமே கேட்டது. அவள் வேறு எதுவும் சொல்லவில்லை, அம்மா அம்மா என்று மட்டும்தான் கூப்பிட்டுக்கொண்டே இருந்தாள். இதையும் மறக்காமல் எழுதிக்கொள்ளுங்கள். அந்த நேரத்தில் அவளுக்கு வாயில் வந்தது நான்தான், அந்த லென்ஸ்காரன் பெயர் ஒரு தடவைகூட வரவில்லை.